அலமாரிக்குள் ஒரு சைலன்சர்: அமெரிக்காவில் வாரிசு வழி வரும் பதிவுத் துப்பாக்கிகளைப் பெயர் மாற்றுவதற்கான முழு வழிகாட்டி

நண்பர் ஒருவரின் மாமனார் டெக்சஸில் காலமானார். நண்பரும் அவர் மனைவியும் வசிப்பது நியூஜெர்சியில். அடக்கம் முடிந்த மறுவாரம் வீட்டை ஒழுங்குபடுத்தியபோது, இரும்பு அலமாரியில் இரண்டு வேட்டைத் துப்பாக்கிகளும், கட்டையான ஒரு ரைஃபிளும், துணியில் சுற்றிய ஒரு கறுப்புக் குழாயும் கிடைத்தன. "அப்பா ஞாபகமாக இது மட்டும் இருக்கட்டும்" என்று அந்தக் குழாயை மனைவி பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டார். புறப்படும் நேரத்தில் அவருடைய அண்ணன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்ததால் தப்பித்தார்கள். அது துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் சைலன்சர். அமெரிக்க மத்தியச் சட்டத்தில் அந்தக் குழாயே ஒரு துப்பாக்கிதான். பதிவு பெயர் மாறாமல் அதை எடுத்துச் செல்வது பத்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். நியூஜெர்சியிலோ அதை வைத்திருப்பதே மாநிலச் சட்டப்படி கூடாது.

மகளுக்கு அப்பாவின் பொருளில் உரிமை இல்லையா என்றால், நிச்சயம் உண்டு. ஆனால் சொத்துரிமை ஒரு பாதையிலும், அரசுப் பதிவேடு இன்னொரு பாதையிலும் போகின்றன. முதலில் காகிதம் மாற வேண்டும், அதன் பிறகே பொருள் கை மாற வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த வரிசையைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

நான் வழக்கறிஞன் அல்ல. இரண்டு குடும்பங்களுக்குக் கூட இருந்து காகிதம் சேர்த்துக் கொடுத்த அனுபவத்தில் எழுதுகிறேன். எந்த இடத்தில் வழக்கறிஞர் இல்லாமல் அடியெடுத்து வைக்கக் கூடாது என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

எந்தெந்தப் பொருள்களுக்கு இந்த நடைமுறை?

சாதாரண வேட்டைத் துப்பாக்கிக்கும் கைத்துப்பாக்கிக்கும் இது பொருந்தாது. 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் வருபவை மட்டுமே இங்கே நம் விஷயம். மதுவிலக்குக் காலத்துக் கும்பல் சண்டைகளின் சூட்டில் வந்த சட்டம் அது. தடை விதிப்பதற்குப் பதிலாக வரி விதித்தார்கள்: ஒரு பொருளைச் செய்யவோ கைமாற்றவோ 200 டாலர். அன்றைக்கு ஒரு தாம்சன் இயந்திரத் துப்பாக்கியின் விலையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். வரி என்று வந்துவிட்டால் பதிவேடு வரும். அந்தப் பதிவேடுதான் இன்று வாரிசுகளின் தலைவலி.

பட்டியலில் இருப்பவை: இயந்திரத் துப்பாக்கிகள், 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள ரைஃபிள்கள், 18 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள ஷாட்கன்கள் (இவ்விரண்டிலும் முழு நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தாலும் கணக்கில் வரும்), சைலன்சர்கள், கையெறி குண்டு போன்ற நாசகார ஆயுதங்கள், கைத்தடிக்குள் மறைந்திருக்கும் துப்பாக்கி போன்ற பலவகைகளை ஒன்றாகப் போட்டுவைத்த "பிற ஆயுதங்கள்" என்ற ஒரு பிரிவு.

ஏமாற்றக்கூடியவை சின்னச் சின்ன உதிரிகள். ஒரு துப்பாக்கியைத் தொடர்ந்து சுடும்படி மாற்றும் விரல்நுனி அளவுப் பாகம் தனியாகக் கிடந்தாலும் அது சட்டப்படி இயந்திரத் துப்பாக்கி. துப்பாக்கியைத் துடைக்கும் கருவி என்ற பெயரில் விற்கப்பட்ட சில குழாய்த் தொகுப்புகளும் சைலன்சராகக் கருதப்படலாம். ஆகவே பட்டறை இழுப்பறைகளையும் பாருங்கள். துப்பாக்கி பற்றி ஒன்றும் தெரியாதவர் என்றால், பார்க்க மட்டும் செய்யுங்கள். கழற்றிப் பார்க்க வேண்டாம்.

படி 1: பொறுப்பு யாருடையது என்பதை நீதிமன்றத்தில் உறுதிசெய்யுங்கள்

உயில் இருந்தால் அதில் பெயர் சொல்லப்பட்ட எக்ஸிகியூட்டர், இல்லையென்றால் நீதிமன்றம் நியமிக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர். இருவரையும் இனி "நிர்வாகி" என்றே சொல்கிறேன். வாரிசு விசாரணையை அங்கே புரொபேட் என்கிறார்கள். அது தொடங்கியதும் நிர்வாகிக்கு ஒரு நியமன ஆணை கிடைக்கும். அடுத்து வரும் எல்லாவற்றுக்கும் சாவி அந்தக் காகிதம்தான். சான்றிட்ட நகல்களைத் தேவைக்கு மேல் நான்கைந்து கூடுதலாக வாங்கி வையுங்கள்.

2016 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மத்திய விதி இதில் ஒரு நிம்மதி தருகிறது. புரொபேட் நடக்கும் காலத்தில் இறந்தவரின் பதிவுத் துப்பாக்கியை நிர்வாகி தன் பொறுப்பில் வைத்திருப்பது "கைமாற்றம்" ஆகாது. வரி கிடையாது, தனி அனுமதியும் தேவையில்லை. ஆனால் இந்தச் சலுகை நிர்வாகிக்கு மட்டும்தான். அவருடைய தம்பிக்கோ, பக்கத்து வீட்டுக்காரருக்கோ, "நான் பத்திரமாக வைத்துத் தருகிறேன்" என்று முன்வரும் துப்பாக்கிக் கடைக்காரருக்கோ இல்லை.

கடைக்காரர் விஷயத்தில் பலரும் சறுக்குகிறார்கள். உரிமம் பெற்ற கடைதானே, அங்கே பாதுகாப்பாக இருக்குமே என்று தோன்றும். பாதுகாப்புக்கென்றோ விற்றுத் தரும்படியோ கடையில் ஒப்படைத்தால் அதுவே ஒரு கைமாற்றமாகிவிடும் என்பது ஏடிஎஃப் துறையின் நிலைப்பாடு. மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் ஆகியவற்றை மேற்பார்க்கும் மத்தியத் துறையின் சுருக்கப் பெயர்தான் ஏடிஎஃப். கடைக்காரர் வாங்குபவரைத் தேடித் தரலாம், வீட்டுக்கு வந்து மதிப்பிடலாம், படிவம் நிரப்ப உதவலாம். பொருள் மட்டும் நிர்வாகியின் பூட்டுக்குள் இருக்க வேண்டும்.

நம்மவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய ஓர் இடைச்செருகல்

எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அமெரிக்க மாநிலம் ஒன்றின் வேட்டை உரிமம் பெற்றவர் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. ஆனால் அதை நம்பித் தாமாக முடிவெடுப்பது ஆபத்து. குடியேற்ற வழக்கறிஞரையும் துப்பாக்கிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரையும் கேட்டுவிட்டே அசையுங்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இந்தத் தடை இல்லை.

தடை வாரிசுக்கு மட்டுமில்லை, நிர்வாகிக்கும் பொருந்தும். மாமனார் பாசத்தோடு எச்-1பி மருமகனை உயிலில் எக்ஸிகியூட்டராகப் போட்டுவிட்டுப் போயிருப்பார். வீட்டையும் வங்கிக் கணக்கையும் அவர் தாராளமாக நிர்வகிக்கலாம். துப்பாக்கி அலமாரியின் சாவி அவர் கையில் வந்த கணத்தில் சிக்கல். இப்படி இருந்தால் முதல் நாளே வழக்கறிஞரிடம் சொல்லி, தகுதியுள்ள ஒருவரைக் கூட்டு நிர்வாகியாக நியமிக்கக் கோருங்கள்.

தடைப் பட்டியலில் வேறு சிலரும் உண்டு: ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள், குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை பெற்றவர்கள், அது தொடர்பான நீதிமன்றத் தடையாணை உள்ளவர்கள், மனநிலை காரணமாக நீதிமன்றத்தால் தகுதியற்றவராக அறிவிக்கப்பட்டவர்கள், ராணுவத்திலிருந்து அவமானகரமாக விலக்கப்பட்டவர்கள். கஞ்சாவை மாநிலம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டம் அதைப் பார்க்கும் பார்வை வேறு என்று படிவத்திலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறார்கள். வெட்கப்பட்டு மறைப்பதைவிட, தகுதியில்லாத வாரிசு தன் பங்கைப் பணமாகப் பெற்றுக்கொள்வது எவ்வளவோ மேல்.

படி 2: பூட்டுங்கள், படம் எடுங்கள், நகர்த்தாதீர்கள்

மரணத்துக்கும் நீதிமன்ற நியமனத்துக்கும் இடையில் சில வாரங்கள் இடைவெளி விழும். அந்த நாள்களில் அலமாரி பூட்டியே இருக்கட்டும். பூட்டின் எண்களை வீட்டில் எல்லோரும் அறிந்திருந்தால், நியமனம் கிடைத்ததும் நிர்வாகி எண்ணை மாற்றிவிட வேண்டும். துக்கத்துக்கு வரும் உறவினர்கள் "கொஞ்சம் காட்டுங்களேன்" என்பார்கள். மென்மையாக மறுத்துவிடுங்கள்.

நியமனம் கைக்கு வந்ததும் ஒவ்வொரு பொருளிலும் பொறித்திருக்கும் தயாரிப்பாளர் பெயர், மாடல், அளவு, வரிசை எண் ஆகியவற்றைக் குறித்துப் படம் எடுங்கள். சைலன்சருக்கும் வரிசை எண் உண்டு. பெரும்பாலும் குழாயின் உடலில் இருக்கும். துப்பாக்கியைக் கையாளத் தெரிந்த ஒருவர் உடன் இருந்து, தோட்டா இல்லை என்று உறுதிசெய்த பிறகே இந்த வேலை.

கட்டையான ரைஃபிள் பட்டியலில் வருமா என்று சந்தேகம் வந்தால் குழல் நீளத்தை அளக்க வேண்டும். பின்பக்கத் தாழ்ப்பாளை மூடிய நிலையில், தாழ்ப்பாளின் முகப்பிலிருந்து குழலின் வாய் வரை உள்ள தூரமே கணக்கு. வெளியே தெரியும் குழலை டேப் வைத்து அளந்து பதறியவர்களும் உண்டு, அநியாயத்துக்கு நிம்மதியானவர்களும் உண்டு. துப்பாக்கி பழுதுபார்ப்பவரை வீட்டுக்கு அழைத்து அளக்கச் சொல்லுங்கள். துப்பாக்கியை அவர் கடைக்கு எடுத்துச் செல்ல வேண்டாம்.

படி 3: பதிவுக் காகிதத்தைத் தேடுங்கள்

முழு வேலையிலும் முக்கியமான படி இதுதான். பதிவு இருந்தால் வாரிசுக்குப் போவது கொஞ்சம் பொறுமை கேட்கும் அலுவலக வேலை. பதிவு இல்லையென்றால் அந்தப் பொருள் யாருக்கும் சொத்தாகாது.

எங்கே தேடுவது? அலமாரியின் உள்கதவுப் பை, வங்கிப் பெட்டகம், வருமான வரிக் கோப்புகள், இறந்தவரின் வழக்கறிஞர், அவர் வழக்கமாக வாங்கிய கடை. மின்வழி விண்ணப்பம் வந்த பிறகு வாங்கியிருந்தால் அவருடைய மின்னஞ்சலில் பிடிஎஃப் கோப்பாக இருக்கலாம். காகிதத்தின் பெயரும் ஒரே மாதிரி இருக்காது. வாங்கியிருந்தால் படிவம் 4, தாமே செய்திருந்தால் படிவம் 1, அவரும் வாரிசாகப் பெற்றிருந்தால் படிவம் 5. மிகப் பழைய பொருளாக இருந்தால் 4467 என்ற எண்ணுள்ள படிவம். அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1968 நவம்பர் 2 முதல் டிசம்பர் 1 வரை, கேள்வி கேட்காமல் பதிவு செய்துகொள்ளலாம் என்று அரசு ஒரு மாதம் மன்னிப்புக் காலம் கொடுத்தது. இரண்டாம் உலகப் போரிலிருந்து வீரர்கள் நினைவுச் சின்னமாகக் கொண்டுவந்த பல துப்பாக்கிகள் அப்போதுதான் பதிவேட்டுக்குள் வந்தன. அதன் பிறகு அப்படி ஒரு வாய்ப்பு வரவேயில்லை.

படிவம் 10 கிடைத்தால் கவனம். அது காவல்துறை போன்ற அரசு அமைப்புகளின் பயன்பாட்டுக்கு மட்டும் செய்யப்பட்ட பதிவு. அந்தப் பொருள் தனியார் வாரிசுக்குப் போக முடியாது.

காகிதத்தில் உரிமையாளர் பெயரை நிதானமாகப் படியுங்கள். இறந்தவரின் பெயருக்குப் பதிலாக ஒரு டிரஸ்ட் பெயர் இருந்தால் பாதை மாறுகிறது. பொருள் டிரஸ்ட்டுக்குச் சொந்தம். புரொபேட்டுக்குள் அது வராது. டிரஸ்ட் பத்திரத்தில் அடுத்த பொறுப்பாளராகக் குறிக்கப்பட்டவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். டிரஸ்ட்டை உருவாக்கியவர் இறந்தபின் அதன் பயனாளிக்குப் போகும் கைமாற்றமும் வரி விலக்குப் படிவத்திலேயே நடக்கும். இதைக் கவனிக்காமல் நீதிமன்றப் பட்டியலில் சேர்த்துவிட்டு, பிறகு நீக்கக் கோரி இரண்டு முறை வழக்கறிஞர் கட்டணம் கட்டிய குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும்.

காகிதம் கிடைக்கவேயில்லை என்றாலும் உடனே கைவிட வேண்டாம். அசல் தொலைந்தாலும் பதிவேட்டில் பெயர் இருக்கும். அந்தப் பதிவேட்டை மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள ஏடிஎஃப் பிரிவு வைத்திருக்கிறது. இது வரித் தகவல் என்பதால் யார் கேட்டாலும் சொல்லமாட்டார்கள். இறப்புச் சான்றிதழும் நியமன ஆணையும் இணைத்து நிர்வாகி எழுதினால் சொல்வார்கள். இந்தக் கடிதத்தை மட்டும் வழக்கறிஞர் வழியாக அனுப்புங்கள். பதிவே இல்லாத ஒரு பொருளைப் பற்றி நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடக் கூடாது.

பதிவே இல்லையென்றால்

இரக்கமில்லாத பகுதி இது. பதிவில்லாத இயந்திரத் துப்பாக்கியையோ சைலன்சரையோ வாரிசு இப்போது பதிவு செய்ய வழியில்லை. தாத்தா நார்மண்டியிலிருந்து கொண்டுவந்தார் என்பதும், ஐம்பது ஆண்டாகப் பரணில் கிடந்தது என்பதும் உதவாது. தெரிந்தே வைத்திருந்தால் பத்தாண்டு வரை சிறை, இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். வழக்கறிஞரை அழையுங்கள், அவர் உள்ளூர் ஏடிஎஃப் அலுவலகத்தோடு பேசி, பொருளை ஒப்படைக்க ஏற்பாடு செய்வார். நீங்களே காரில் வைத்து அலுவலகத்துக்கு ஓட்டிச் செல்ல வேண்டாம். ஆற்றில் எறிவதும், அறுத்துப் பழைய இரும்புக்குப் போடுவதும் வேண்டவே வேண்டாம். போர் நினைவுப் பொருளாக இருந்தால் அருங்காட்சியகம் ஒன்று பெற்றுக்கொள்ளும் வழி இருக்கிறதா என்றும் வழக்கறிஞர் கேட்டுப் பார்க்கலாம்.

படி 4: யாருக்கு, எந்த மாநிலத்துக்கு?

உயிலில் பெயர் உள்ளவர், உயில் இல்லையென்றால் இறந்தவர் கடைசியாக வசித்த மாநிலச் சட்டப்படி உரிமை பெறுபவர், சட்டப்படியான வாரிசு. எந்தப் பொருளானாலும் வரியில்லாக் கைமாற்றம் இவருக்கு மட்டும்தான்.

வாரிசு வேறு மாநிலத்தில் இருந்தாலும் நேரடியாக அவருக்கே போகலாம், நடுவில் கடைக்காரர் தேவையில்லை. துப்பாக்கிச் சட்டங்களில் இவ்வளவு தாராளம் அபூர்வம்; பாரம்பரியச் சொத்துக்கு என்றே தந்த விலக்கு. ஆனால் வாரிசு வசிக்கும் மாநிலம் அந்தப் பொருளை அனுமதிக்க வேண்டும். சைலன்சரை எடுத்துக்கொண்டால் கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய், மாசசூசெட்ஸ், டெலவேர், ரோட் ஐலண்ட், ஹவாய் ஆகிய எட்டு மாநிலங்களில் தனியார் வைத்திருக்க முடியாது. நம் மக்கள் நெருக்கமாக வாழும் மாநிலங்களில் பாதி இந்தப் பட்டியலில் இருக்கிறது! கட்டைக்குழல் ரைஃபிளுக்கும் இயந்திரத் துப்பாக்கிக்கும் ஒவ்வொரு மாநிலமும் தனி விதி வைத்திருக்கிறது. மத்திய அரசு விண்ணப்பத்தைப் பார்க்கும்போது மாநிலச் சட்டத்தையும் பார்க்கும், முரண் இருந்தால் மறுத்துவிடும்.

நண்பரின் மனைவிக்கு இங்கேதான் கதவு அடைபட்டது. டெக்சஸிலேயே வசிக்கும் அண்ணன் பெயருக்கு சைலன்சர் போனது. தங்கைக்கு அப்பாவின் பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்று, அதுவும் நியூஜெர்சி விதிகளைத் தனியாகப் பார்த்த பிறகு.

இயந்திரத் துப்பாக்கி இருந்தால் பாகப்பிரிவினைக்கு முன் மதிப்பிடச் சொல்லுங்கள். 1986 மே 19-க்குப் பிறகு தனியாருக்கென்று புதிய இயந்திரத் துப்பாக்கி எதுவும் பதிவாகவில்லை. தனியார் வாங்கக்கூடியவை அவ்வளவுதான் என்பதால் விலை பல்லாயிரம் டாலருக்கு ஏறிவிட்டது. "அந்தப் பழைய இரும்பை நீயே வைத்துக்கொள்" என்று அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்து, விலை தெரிந்தபின் பேச்சே நின்றுபோன வீடுகள் உண்டு. உதிரிப் பாகங்களையும் தோட்டாப் பெட்டிகளையும் துப்பாக்கியோடு சேர்த்தே வைத்து மதிப்பிடுங்கள்.

படி 5: படிவம் 5

ஏடிஎஃப் படிவம் 5 என்பது வரி விலக்குள்ள கைமாற்றத்துக்கும் பதிவுக்குமான விண்ணப்பம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தனி விண்ணப்பம். மூன்று பொருள் இருந்தால் மூன்று தொகுப்பு, ஒவ்வொன்றிலும் எல்லா இணைப்புகளும்.

தருபவர் என்ற இடத்தில் நிர்வாகியின் பெயரோடு, இன்னாரின் சொத்துக்கு நிர்வாகி என்ற விவரமும் முகவரியும் வர வேண்டும். அங்கே இறந்தவரின் பெயரை மட்டும் எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பெறுபவர் இடத்தில் வாரிசு. இருவரும் ஒரே ஆளாக இருப்பதும் உண்டு. ஒரே பிள்ளை நிர்வாகியாகவும் வாரிசாகவும் இருக்கும்போது இரண்டு இடத்திலும் தன் பெயரை எழுதுவார். வரி விலக்குக்கான காரணமாகச் சட்டப்படியான வாரிசு என்ற கட்டத்தைக் குறிக்க வேண்டும்.

பொருளின் விவரம் பதிவேட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். வரிசை எண்ணில் பூஜ்ஜியமா, ஆங்கில "ஓ" எழுத்தா என்ற சந்தேகம் ஒன்றே விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பப் போதும். பழைய படிவத்துக்கும் பொருளில் பொறித்திருப்பதற்கும் வித்தியாசம் தெரிந்தால் நீங்களாகத் திருத்தாமல், வித்தியாசத்தை விளக்கும் கடிதமும் படமும் இணையுங்கள்.

இணைக்க வேண்டியவை: இறப்புச் சான்றிதழ், உயில் இருந்தால் அதன் நகல், நீதிமன்ற நியமன ஆணை, வாரிசின் கைரேகை அட்டைகள் இரண்டு, ஓராண்டுக்குள் எடுத்த இரண்டங்குலச் சதுரப் படம், பழைய பதிவுப் படிவத்தின் நகல். சிறிய சொத்துக்குப் புரொபேட் இல்லாமல் உறுதிமொழிப் பத்திரத்தை ஏற்கும் மாநிலங்களில், நியமன ஆணைக்குப் பதில் அந்தப் பத்திரம். கைரேகையை அனுபவமுள்ளவரிடம் எடுங்கள். மசிந்த ரேகை என்று திரும்பி வந்தால் வரிசையில் மறுபடி கடைசியில் நிற்க வேண்டும்.

விண்ணப்பத்தின் ஒரு நகல் வாரிசு வசிக்கும் பகுதியின் தலைமைக் காவல் அதிகாரிக்குப் போக வேண்டும். 2016-க்கு முன் தனிநபர் விண்ணப்பத்துக்கு அந்த அதிகாரியின் கையெழுத்தையே கேட்டார்கள். கையெழுத்துப் போட மறுத்தால் காரியம் அங்கேயே நின்றுவிடும். இப்போது தகவல் தெரிவித்தால் போதும். அனுப்பியதற்கான தபால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: காத்திருங்கள், புரொபேட்டை மூட விடாதீர்கள்

எத்தனை நாள் ஆகும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள். பின்னணிச் சோதனை, விவரம் சரிபார்த்தல், துறையின் வேலைப்பளு எல்லாம் சேர்ந்தது அது. காத்திருக்கும் காலம் முழுவதும் பொருள் நிர்வாகியிடமே இருக்கும். வாரிசு வந்து பார்க்கலாம். எடுத்துப் போகக் கூடாது.

வங்கிக் கணக்கும் வீடும் பைசல் ஆனதும் வழக்கறிஞர் அலுவலகம் கோப்பை மூடத் துடிக்கும். நிர்வாகி பொருளை வைத்திருக்கும் உரிமையே புரொபேட்டில் தொங்குகிறது என்பதை அவர்களுக்கு நினைவூட்டுங்கள். படிவம் ஒப்புதலாகி வரும் வரை கோப்பு திறந்திருக்க வேண்டும். துப்பாக்கி விவகாரம் பழகாத வழக்கறிஞருக்கு இது தெரியாமலிருப்பது ஆச்சரியமில்லை. முதல் சந்திப்பிலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

வாரிசுக்கு வேண்டாம், அல்லது முடியாது என்றால்

விற்கலாம். அப்போது படிவம் 4. 2025 ஜூலையில் கையெழுத்தான மத்தியச் சட்டம் இங்கே கணக்கை மாற்றியிருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் சைலன்சர், கட்டைக்குழல் ரைஃபிள், கட்டைக்குழல் ஷாட்கன், "பிற ஆயுதங்கள்" ஆகியவற்றுக்கான வரி பூஜ்ஜியம். இயந்திரத் துப்பாக்கிக்கும் நாசகார ஆயுதத்துக்கும் பழைய 200 டாலர் அப்படியே. வரி போனாலும் பதிவும் ஒப்புதலும் போகவில்லை. "இப்போது இலவசம்தானே, சும்மா கொடுத்துவிடலாம்" என்று சொல்பவரிடமிருந்து விலகி இருங்கள்.

வரி பூஜ்ஜியமானபின் வாரிசுக்கான படிவம் 5 எதற்கு என்று கேட்கலாம். மாநிலம் தாண்டி நேரடியாகப் போகும் சலுகை வாரிசுக்கு மட்டும்தான். வாரிசல்லாத வெளிமாநிலத்தவருக்கு விற்றால், அவருடைய மாநிலத்தில் இதற்கென வரி கட்டித் தகுதி பெற்ற கடைக்காரர் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே ஒரு கைமாற்றம், பிறகு வாங்குபவருக்கு இன்னொன்று. இயந்திரத் துப்பாக்கியாக இருந்தால் நிர்வாகியிடமிருந்து கடைக்குப் போகும்போதே 200 டாலர்.

இறந்தவர் துப்பாக்கி வணிகராக இருந்து, 1986-க்குப் பிந்தைய இயந்திரத் துப்பாக்கிகளை விற்பனை மாதிரியாக வைத்திருந்தால் அவை பிள்ளைகளுக்கு வராது. அது தனி வழக்கு. இந்தக் கட்டுரையை மூடிவிட்டு வழக்கறிஞரிடம் போங்கள்.

படி 7: ஒப்புதல் வந்த நாள்

ஒப்புதல் முத்திரையோடு படிவம் வந்ததும் பொருளையும் படிவத்தையும் சேர்த்து வாரிசிடம் ஒப்படைக்க வேண்டும். தேதி, வரிசை எண் எழுதி இருவரும் கையெழுத்திட்ட ஒரு ரசீது எழுதிக்கொள்ளுங்கள். சட்டம் அப்படி ஒரு ரசீதைக் கேட்கவில்லை, நான்தான் கேட்கிறேன். இரண்டு ஆண்டு கழித்து நீதிமன்றக் கணக்கில் ஒரு கேள்வி வந்தால் இது பேசும்.

வாரிசு படிவத்தை நகலெடுத்து, அசலைத் தீப்பிடிக்காத பெட்டியில் வைக்கட்டும். துப்பாக்கியோடு வெளியே போகும்போது நகல் கூடவே போகட்டும். பிறகு வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், இயந்திரத் துப்பாக்கி, கட்டைக்குழல் ரைஃபிள், கட்டைக்குழல் ஷாட்கன், நாசகார ஆயுதம் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே 5320.20 என்ற எண்ணுள்ள படிவத்தில் அனுமதி வேண்டும். சைலன்சருக்கு இது வேண்டியதில்லை, போகும் மாநிலம் அனுமதித்தால் போதும். சில நாள் பயணமாக எல்லை தாண்டினாலும் இதே விதி.

நண்பரின் மைத்துனருக்கு ஒப்புதல் வந்த அன்று அவர் செய்த முதல் காரியம், படிவத்தின் நகலைத் தன் உயில் இருக்கும் அதே உறையில் போட்டு, மேலே பெட்டகத்தின் இடத்தையும் வழக்கறிஞரின் தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்தது. அப்பாவின் படிவத்தைத் தேடி மூன்று வாரம் பரணைக் கிளறியது அவர்தான்.